என் வாழ்க்கை மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், என் சித்தி பெண்கள், மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட நடக்கிறவர்கள் என்று பலர் என்னிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும். "எல்லாரும் போயிட்டாங்க டீச்சர், நான் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கிறேன்." இதுவரை துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அதனால் என் பேச்சில் மரங்கள் நிறைய வரும்.

எனக்கு 29 வயது. கூடப் படித்தவர்கள் எல்லாம் செட்டில் ஆகிவிட்டார்கள். நான் பின்தங்கிவிட்டேனா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் முதலில் ஒரு தாளைக் கொடுப்பேன். பள்ளி முடித்ததிலிருந்து இன்று வரை வருடங்களை இடது பக்கம் வரிசையாக எழுதச் சொல்வேன். வலது பக்கம், அந்தந்த வருடம் அவர் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். "சும்மா இருந்தேன்" என்று எழுதக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

என் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். 2011-ல் எனக்கு 26. அடுத்த வருடம் பி.எட். சேர்வதாக இருந்தேன். டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. விடிந்து வெளியே வந்தபோது எங்கள் கொல்லைக்கு வழி தெரியவில்லை. தாத்தா வைத்த பலா மரங்கள் பதினொன்றும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரி இரண்டு ஏக்கரும் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டுமா? பண்ருட்டியைச் சுற்றி அன்று மரம் இழக்காத குடும்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்.

பி.எட். பணம் கன்றுக்கும் வேலிக்கும் போயிற்று. நான் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மூன்றரை வருடம். 2015-ல்தான் பி.எட். சேர முடிந்தது. அதற்குள் ஒரு வருடப் படிப்பாக இருந்தது இரண்டு வருடம் ஆகிவிட்டிருந்தது. சேர்ந்த சில மாதங்களிலேயே நவம்பர் வெள்ளம் வந்து கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது. படிப்பை முடித்து 2017-ல் வேலையில் சேர்ந்தபோது எனக்கு 32. என் தோழிகளில் சிலர் 24 வயதிலேயே ஆசிரியை ஆகியிருந்தார்கள்.

தாளை எழுதி முடிப்பதற்கு முன்பு வரை புயலுக்குப் பிந்தைய அந்த வருடங்களை நான் "வீணாய்ப் போன காலம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகு பார்த்தால், அந்த வருடங்களில் ஒரு குடும்பம் கீழே விழாமல் நின்றிருக்கிறது. ஒரு தோப்பு திரும்ப எழுந்திருக்கிறது. அந்த வேலைக்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை, அவ்வளவுதான். உங்கள் தாளிலும் அப்படி ஏதாவது இருக்கும். அப்பாவின் டயாலிசிஸ், தம்பியின் படிப்புச் செலவு, அடைத்து முடித்த ஒரு கடன். நீங்கள் மெதுவாக நடக்கவில்லை. தலையில் சுமையோடு நடந்திருக்கிறீர்கள். கை வீசி நடந்தவரோடு உங்கள் நடையை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமே இல்லை.

பொறுமையாக இரு என்றால், சும்மா காத்துக்கொண்டிரு என்றுதானே அர்த்தம்?

இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை போர்க்களத்தில் இறந்துபோனார். தம்பிக்காக உயிரைத் தாங்கிக்கொண்டார். அந்தத் தம்பியும் சமண சமயத்தில் சேர்ந்து, திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிட்டார். இன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தூரத்தில், திருவதிகைக் கோயிலில் அக்கா இருந்தார்.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்வேன். விடிவதற்கு முன் எழுந்து கோயில் வாசலைக் கூட்டினார், சாணம் மெழுகினார், பூப்பறித்தார், மாலை கட்டினார். தம்பி எப்போது வருவார் என்பது அவர் கையில் இல்லை. வாசல் சுத்தமாக இருப்பது அவர் கையில் இருந்தது. சூலை நோயால் துடித்த தம்பி ஓர் இரவில் தேடி வந்தபோது, அக்கா இருக்கும் இடம் தெரிந்திருந்தது. அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்.

உங்கள் கையில் இல்லாதது எது, இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். ரிசல்ட் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. இன்று இரண்டு மணி நேரம் படிப்பது உங்கள் கையில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, வாசலை இன்றைக்குக் கூட்டுவதுதான் பொறுமை.

கூட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். நாலு வருடமாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையே?

இதைக் கேட்டவர் நெய்வேலிக்காரத் தம்பி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். அவருக்கு அவர் ஊரையே சொன்னேன். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-ல். 1957-ல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961-ல். நாலு வருடமும் எடுத்தது வெறும் மண். அதோடு, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இறைப்பதை நிறுத்தினால் வெட்டிய குழி தாங்காது. அந்த நாலு வருடத்தில் யாராவது வந்து எட்டிப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு பெரிய பள்ளமும் மண் மேடும்.

ஆனால் ஒன்று. அங்கே கீழே நிலக்கரி இருக்கிறது என்று முன்பே துளை போட்டுப் பார்த்திருந்தார்கள். அந்தத் தம்பியிடமும் அதைத்தான் கேட்டேன், "துளை போட்டுப் பார்த்தாயா?" மாதிரித் தேர்வில் மதிப்பெண் போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் மண்ணை எடுத்துக்கொண்டே இருக்கலாம். நாலு வருடமாக ஒரே எண்ணில் நின்றால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும், அல்லது வேறு இடத்தில் தோண்ட வேண்டும். அவருக்குத் தமிழிலும் வரலாற்றிலும் ஏறியிருந்தது. கணக்கு அப்படியே நின்றிருந்தது. இப்போது கணக்குக்குத் தனியாக ஒருவரிடம் போகிறார்.

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே வயிறு எரிகிறது. என்ன செய்வது?

காலையில் எழுந்ததும் திறக்காதீர்கள். யாருடைய பதிவைப் பார்த்தால் நாள் முழுக்கத் தொண்டையில் முள்ளாக நிற்கிறதோ அவரை மியூட் செய்யுங்கள். அவருக்குத் தெரியவே தெரியாது, நட்பும் கெடாது. இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கல்யாண வீட்டுக்குப் போனாலே "எப்போ, எப்போ" என்று கேட்கிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா?

போகாமல் இருந்தால் கேள்வி நிற்காது, நீங்கள்தான் தனியாகிவிடுவீர்கள். ஒரே ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். என்னுடையது: "பாத்துக்கிட்டிருக்கோம் அத்தை, ஆனதும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். சாப்டீங்களா?" விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் விசாரணை ஆரம்பித்துவிடும். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு எதைப் பேசுவது என்று தெரியாததால்தான் அதைக் கேட்கிறார்கள். மீதிக் கால்வாசிப் பேருக்கு உண்மையான அக்கறை இருக்கும். அவர்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வரன் விசாரிக்கவும் வேலைக்குச் சொல்லிவிடவும் அவர்கள்தான் உதவுவார்கள். எனக்கு 33 வயதில் கல்யாணம் ஆனதே அப்படி ஓர் அத்தை மூலமாகத்தான்.

கொஞ்சம் பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். காத்திருந்தது போதாதா?

இங்கே மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேர்வு எழுதிப் பட்டியலில் பெயர் வருவதைத் தவிர வேறு வழி கிடையாது. நகையை விற்று, நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு, பணமும் வயதும் சேர்ந்து போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். களைத்துப்போய் நிற்பவரைப் பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள்.

பலாவில் நானே பட்ட பாடம் ஒன்று உண்டு. புயலுக்குப் பிறகு, 2012 ஆடியில் அப்பா கொட்டை போட்ட மரங்களில் ஒன்று 2020-ல் முதல் முறையாகக் காய்த்தது. அடிமரத்தை ஒட்டி மூன்று காய். ஊரடங்கு நேரம், நான் ஊரில்தான் இருந்தேன். எட்டு வருடம் கழித்து வந்த காய் என்பதால் தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் பெரிதாக இருந்த காயைப் பார்த்து, முற்றிவிட்டது என்று நானே முடிவு செய்து வெட்டிவிட்டேன். காம்பிலிருந்து பால் நிற்காமல் வடிந்தது. அப்போதே எனக்குத் திக்கென்றது. சாக்குப் போட்டு மூடி வைத்தோம். ஐந்தாம் நாள் தோல் கறுத்து மெத்தென்று ஆனது. அறுத்துப் பார்த்தால் சுளை வெளுத்து, சவசவ என்று, வாயில் வைக்க முடியவில்லை. வெம்பிப்போய்விட்டது. மாட்டுக்குத்தான் போட்டோம்.

அப்பா திட்டவில்லை. மற்ற இரண்டு காயிடமும் என்னைக் கூட்டிப்போனார். அரிவாளின் பின்பக்கத்தால் ஒன்றை லேசாகத் தட்டினார். கணீரென்று கேட்டது. "இது இன்னும் காய்." முள்ளின் மேல் விரலை ஓட்டச் சொன்னார். முள் நெருக்கமாக, கூர்மையாகக் குத்தியது. முற்றிய காயில் முள் விலகிப் படர்ந்து மழுங்கியிருக்குமாம். காம்பில் ஒட்டியிருக்கும் இலை மஞ்சளாகியிருக்குமாம். தட்டினால் பொத்பொத்தென்று கேட்குமாம். பன்னிரண்டு நாள் கழித்து அவரே தட்டிக் காண்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு எனக்கு வித்தியாசம் மறக்கவே இல்லை.

ஆகவே, காத்திரு என்று மட்டும் நான் சொல்வதில்லை. தட்டிப் பாருங்கள் என்று சொல்கிறேன். அவசரத்தில் ஒத்துக்கொள்ளப் போகும் வரன், யோசிக்காமல் போடப் போகும் கையெழுத்து, கந்து வட்டியில் ஆரம்பிக்கப் போகும் கடை, எதுவாக இருந்தாலும் பத்து நாள் தள்ளிப்போட்டு, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதற்கெல்லாம் பொறுமையாக இருக்கக் கூடாது?

இதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நானாகத்தான் சொல்கிறேன்.

கெடு உள்ள விஷயங்களில் பொறுமை கூடாது. உதாரணமாக, குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது வரை 6 முறை, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் 35 வயது வரை 9 முறை, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 37 வயது வரை எழுதலாம். மாநிலத் தேர்வுகளில் பதவிக்குப் பதவி வரம்பு மாறும். உங்களுக்குரிய கடைசி வருடத்தை அறிவிப்பில் பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே மாற்று வழியில் காலை வைத்துவிட வேண்டும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு: மனைவிக்கு வயது 35-க்குள் என்றால் முயற்சி தொடங்கி ஒரு வருடம், 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம். அதற்கு மேல் "கடவுள் கொடுக்கும்போது கொடுக்கட்டும்" என்று இருக்காமல் இருவருமே மருத்துவரைப் பாருங்கள். இருவரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண்ணை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு ஆண் வாசலிலேயே நின்றுவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

வீட்டில் அடி விழுகிறது என்றால் அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் அது வாழ்க்கையின் வேகம் பற்றிய பிரச்சினையே இல்லை. உடம்புக்கு வருவது போல மனதுக்கு வந்த நோய், மருந்து உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. என் மாணவன் ஒருவனுக்குத் துணையாக அங்கே நானே போயிருக்கிறேன். வரிசையில் நின்றபோது அவன் பயந்ததுபோல யாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

எனக்கு 41. பத்தாம் வகுப்பே முடிக்கவில்லை. இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது?

கேட்டவர் என் மாணவியின் அம்மா, இட்லிக்கடை வைத்திருக்கிறார். வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிய 1867-ல் அவருக்கு வயது 43. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. சொல்லும்போதே எனக்குத் தயக்கமாக இருந்தது, மகான்களை உதாரணம் காட்டினால் "அவங்க எங்க, நாம எங்க" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த அம்மா சட்டென்று, "நானும் அடுப்புக்காரிதானே டீச்சர்" என்றார். தனித்தேர்வராக விண்ணப்பித்தார். மாவு அரைக்கும் நேரத்தில் மகள் பாடத்தை வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் தடவை அறிவியலில் போயிற்று, துணைத்தேர்வில் எடுத்துவிட்டார். படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு அவரே இப்போது சொல்லும் பதில், "வங்கியில ஃபாரத்தை நானே நிரப்புறேன்."

வீடு கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது. கம்பி துருப்பிடிப்பதைப் பார்க்கவே அவமானமாக இருக்கிறது.

கம்பிக்கு சிமெண்டுப் பால் பூசி வையுங்கள், துரு ஏறாது. அவமானத்துக்கு: ஆரோவில்லில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்கு அடிக்கல் நாட்டியது 1971-ல், முடித்தது 2008-ல். 37 வருடம். இன்று பார்க்கப் போகிறவர்கள் யாரும் ஏன் இத்தனை வருடம் என்று கேட்பதில்லை. ஒரு அறைக்குக் கூரை போட்டு முதலில் குடி போய்விடுங்கள். வாடகை மிச்சமானால் அடுத்த அறை வரும்.

நான் பொறுமையாகத்தான் இருக்கிறேன். என் அப்பா அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை.

அவர்கள் அவசரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். தாங்கள் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு வராது, சண்டையாகத்தான் வரும். என்ன செய்கிறீர்கள், எந்த மாதம் எது முடியும் என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும்போதுதான் அவர்கள் தூக்கம் கெடுகிறது.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு இழந்ததைப் பற்றி வருத்தமே இல்லையா?

இருக்கிறது. ஜவுளிக்கடையில் ஒருநாள் கல்லூரித் தோழி ஒருத்தி நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தாள். குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே கவுண்ட்டருக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் பார்கோடைக் காட்டி, விலைச் சீட்டைக் கிழித்து, பையில் போட்டுக் கொடுத்தேன். "நீ இங்கயா?" என்றாள். "ஆமாடி, கொஞ்ச நாளைக்கு" என்றேன். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் துணிக்கட்டுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அந்த வலி பொய் என்று இன்று நான் சொல்லமாட்டேன். முன்பே வேலையில் சேர்ந்திருந்தால் அம்மா உயிரோடு இருக்கும்போதே என் வகுப்பறையைப் பார்த்திருப்பார். 2016-ல் போய்விட்டார். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

பொறுமையாக இருப்பவர் வருத்தப்படக் கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அழுதுவிட்டு இரண்டரை மணிக்கு நான் திரும்பக் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன்.

அந்தப் பலா மரங்கள் இப்போது எப்படி இருக்கின்றன?

பதினொன்றுக்குப் பதிலாக ஒன்பது வந்தன. புயலுக்குப் பிறகு அப்பா விருத்தாசலம் ஆராய்ச்சி நிலைய ரகமான வி.ஆர்.ஐ.-3 முந்திரி ஒட்டுக்கன்றும் வைத்தார். அது மூன்றாம் வருடமே காய்க்க ஆரம்பித்தது. பலா காய்க்கும் வரை வீடு ஓடியது அந்த முந்திரியில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு பலா சாய்ந்துவிட்டது. மற்ற எட்டும் நின்றன. விழுந்த இடத்தில் அப்பா மறு வருடம் திரும்பக் கொட்டை போட்டார். அவருக்கு 74 வயது. "ஒட்டுக்கன்னு வெச்சா நாலஞ்சு வருஷத்துல காய்க்குமேப்பா" என்றேன். "இந்த மண்ணுல போட்டு இங்கயே வேர் விட்டாத்தாம்மா காத்துக்கு நிக்கும்" என்றார். போன மாதம் பார்த்தபோது முழங்கால் உயரம் வந்திருந்தது. ஆடு கடிக்காமல் இருக்க, சுற்றி முள் வெட்டி வைத்திருக்கிறார்.